தனியே வருபவருக்கும் ஒரு பந்தி

(உபயகாரர்கள் ஒன்றுகூடலில் ஆலயச் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பயணமும் பக்தியும்" என்ற தலைப்பில் சற்று நேரம் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் "சற்று நேரம்" என்று சொல்வது ஆபத்தான காரியம். மணியடித்தால்தான் நாங்கள் நிறுத்துவோம். இருந்தாலும் சுருக்கிச் சொல்ல முயல்கிறேன்.

தலைப்பையும் சற்றே மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். தலங்களின் பெருமையைச் சொல்ல இங்கே கற்றறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். தனியே ஊர்விட்டு ஊர் போகும் ஒருவருக்குக் கோயில் எப்படித் துணையாகிறது என்பதையும், அப்படி நம் வாசலுக்கு வருபவருக்கு நாம் துணையாக இருக்கிறோமா என்பதையும் பற்றியே பேச விரும்புகிறேன்.

அந்திப் பொழுது

நான் 2018-ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். அவ்வாண்டு இறுதியில் என் துணைவியார் இறைவனடி சேர்ந்தார். ஓய்வுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து போகவேண்டிய ஊர்களை அவர் ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். மகள்தான் ஒருநாள் அந்த நோட்டை என் கையில் கொடுத்து, "அப்பா, நீங்களாவது போயிட்டு வாங்க" என்றாள். அப்படித்தான் நான் தனிவழிப் பயணி ஆனேன்.

தனியே பயணம் செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். பகலில் தனிமை உறைக்காது. பார்க்க இடங்கள் இருக்கும், கால்கள் நடந்துகொண்டே இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல்தான் சிரமம். உணவுக் கடையில் எல்லா மேசைகளிலும் குடும்பங்கள் இருக்கும். நம் எதிரே மட்டும் ஒரு காலி நாற்காலி இருக்கும். அறைக்குத் திரும்பினால் நான்கு சுவர்கள். காலையிலிருந்து யாரிடமும் பத்துச் சொல் சேர்ந்தாற்போல் பேசவில்லையே என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

2019-இல் பாங்காக் நகரில் முதல் மாலையிலேயே எனக்கு இந்த நிலை வந்தது. விடுதிப் பணியாளரிடம் வழி கேட்டுக்கொண்டு சிலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். 1879 வாக்கில் தமிழர் எழுப்பிய கோயில் அது. வாசலில் சாமந்தி மாலையும் தேங்காய் பழத் தட்டும் விற்கிறார்கள். உள்ளே வணங்குபவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். அவர்கள் மண்டியிட்டுக் கைகூப்பும் முறை வேறு. ஆனால் மணியோசையும் கற்பூர வாசனையும் நம்முடையவை. நவராத்திரி நிறைவில் அம்மன் ஊர்வலம் வரும்போது அந்தச் சாலையே திருவிழாக் கோலம் கொள்ளும்.

தீபாராதனை முடிந்து ஓர் ஓரமாக நின்றிருந்தேன். கோயில் ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஐயா மலேசியாவா? தனியா வந்திருக்கீங்களா? கொஞ்சம் உட்காருங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் அந்நிய நகரம் எனக்குச் சற்றே பழகிய ஊராகிவிட்டது.

தட்டுத் துடைத்த காலை

மறுநாள் காலை அதே நகரின் பஹுரத் பகுதிக்குப் போனேன். துணிக்கடைகள் நெருங்கிய அந்த இடத்தில், பொன்னிறக் கூரையுடன் உயர்ந்து நிற்கிறது சீக்கியர்களின் குருத்துவாரா. காலணியைக் கழற்றி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போகவேண்டும். வழிபாட்டுக் கூடத்தில் வணங்கிய பிறகு, "சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று கையைக் காட்டினார் ஒரு பெரியவர்.

லங்கர் என்னும் அந்தப் பொதுப் பந்தியைக் குரு நானக் தொடங்கி வைத்தார். மூன்றாம் குருவான அமர்தாஸ், தம்மைக் காண வருபவர் யாராயினும் முதலில் எல்லாருடனும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணவேண்டும் என்று வகுத்தார் என்பார்கள். அரசன் வந்தாலும் ஆண்டி வந்தாலும் ஒரே பந்தி. ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்கவேண்டும். பருப்பும் காய்கறியும் வேண்டிய மட்டும் தருவார்கள். பெயர் கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, சீட்டும் கேட்கவில்லை.

உண்டு முடித்ததும் தயங்கித் தயங்கி, "நான் ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டேன். ஓர் அம்மையார் சிரித்துக்கொண்டே துண்டு ஒன்றைக் கொடுத்தார். ஒரு மணி நேரம் எவர்சில்வர் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். பக்கத்தில் நின்றவரின் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. தட்டு மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. மெய்யன்பர்களே, சோறு போட்டால் ஒருவர் விருந்தினர் ஆகிறார். கையில் ஒரு வேலையும் கொடுத்தால் அவர் நம்மவர் ஆகிவிடுகிறார். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்ற எனக்கு இது புதுப் பாடம் அல்ல. புதிதாகச் சேரும் பிள்ளையிடம் கரும்பலகையைத் துடைக்கச் சொல்வோம் அல்லவா? அதே சூட்சுமந்தான்.

ஒரே கேள்வி

பிறகு நோய்த்தொற்றுக் காலம் வந்து எல்லாரையும் வீட்டில் அடைத்தது. 2023-இல்தான் மீண்டும் புறப்பட்டேன். பினாங்கிலிருந்து கடல் தாண்டினால் மேடான். விமானம் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே கம்போங் மெட்ராஸ் என்றே ஒரு பகுதி இருக்கிறது. டெலி புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்யப் போன நம்மவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இடம். 1884-இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் அவர்களுக்கு நடுநாயகமாக விளங்குகிறது.

நான் தமிழில் பேசியபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர் கொஞ்சம் திணறினார். புரிகிறது, பேச வரவில்லை. பிறகு என் தோளைத் தொட்டு, "சுடா மாக்கான்?" என்றார். நம் நாட்டு மலாய்க்காரரும் இதையேதான் கேட்பார். நம் வீடுகளில் காலையில் யார் வந்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்போம். மொழி மறந்துபோகிறது, பெயர்கள் மாறிப்போகின்றன. ஆனால் இந்தக் கேள்வி மட்டும் கப்பலேறி வந்து அப்படியே நிற்கிறது.

2024-ஆம் ஆண்டு காசிக்குப் போனேன். அங்கே நகரத்தார் 1863-இல் நிறுவிய சத்திரம் இருக்கிறது. விசுவநாதர் பூசைக்குரிய பொருள்களை அங்கிருந்து நாள்தோறும் "சம்போ" என்று முழங்கியபடி எடுத்துச் செல்கிறார்கள். மாலையில் அவர்களுக்குப் பின்னால் நானும் அந்தக் குறுகலான சந்துகளில் நடந்தேன். முன்னே போனவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "கால் பார்த்து வைங்க, ஈரமா இருக்கு" என்று தமிழில் சொன்னார். கங்கைக் கரையில் அந்த ஒரு வாக்கியம் எனக்கு எப்படி இனித்தது என்பதைச் சொல்ல இயலாது. என் துணைவியாரின் நோட்டில் முதல் வரியில் எழுதியிருந்த ஊர் காசிதான்.

நம் முன்னோர் செய்தது

இது வெளியூர்க்காரர்களின் சிறப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இந்த மண்ணில் நம் ஆலயங்கள் தோன்றியதே இதற்காகத்தான். பினாங்கிலிருந்து 1819-இல் ராபிள்சுடன் சிங்கப்பூர் சென்ற நாராயண பிள்ளை, 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை நிறுவினார். புதிதாகக் கரையிறங்கியவர்கள் வேலையும் இருப்பிடமும் கிடைக்கும்வரை அக்கோயிலில்தான் தங்கினார்கள். திருமணப் பதிவும் அங்கேதான் நடந்தது. பினாங்கு குயீன் வீதியில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயமும், தண்ணீர்மலையில் 1857-இல் எழுந்த நகரத்தார் ஆலயமும் அந்தக் காலத்துத் தனியாள்களுக்குத் தாய்வீடாக இருந்தவை. செட்டியார்களின் கிட்டங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி, ஒரு பாய், பொதுச் சமையல். வீட்டை விட்டு வந்தவர்கள் சேர்ந்து உண்டு சேர்ந்து உறங்கிய இடம் அது.

என் தாத்தா ரஜூலா கப்பலில் தனியாளாக வந்தவர். ஜெர்ஜாக் தீவில் வைத்திருந்து பிறகு வெளியே விட்டார்களாம். கையில் ஒரு தகரப் பெட்டி. எங்கே போவது என்று தெரியாமல் நின்றவரை யாரோ ஒருவர் கோயிலுக்கு அழைத்துப்போய் இலை போட்டிருக்கிறார். அந்த யாரோ ஒருவரின் பெயர் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. ஆனால் அவர் போட்ட இலையைப் பற்றித் தாத்தா சாகும்வரை பேசினார்.

அன்னதானம் என்றால் வடலூரை நினைக்காமல் இருக்க முடியாது. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி என்று வந்தவரிடம் ஊரும் பேரும் கேட்பதில்லை.

நான் செய்த பிழை

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவது அன்று. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நம் ஆலயத்தில் உண்டியல் இருமுறை உடைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் உச்சிக்கால பூசை முடிந்ததும் மண்டபத்தைப் பூட்டி, மாலை ஐந்து மணிக்குத்தான் திறப்பது என்று முடிவு செய்தோம். அன்னதானத்திலும் குறை வந்தது. சிலர் பொட்டலம் கட்டிக்கொண்டு போனதால், உபயகாரர் குடும்பத்திற்கே சோறு இல்லாமல் போன நாள் உண்டு. ஆகவே சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே பந்தி என்ற விதி வந்தது. இரண்டு தீர்மானங்களையும் முன்மொழிந்தவன் நான்தான். அவற்றுக்குத் தக்க காரணம் இருந்தது. இன்றும் அதை மறுக்கவில்லை.

காசியிலிருந்து திரும்பிய சில மாதங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். மண்டபக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் பையுடன் ஓர் இளைஞர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தெற்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. நான்கு நாள் விடுமுறையில் தனியாக வடக்கே சுற்றிப் பார்க்க வந்தவர். "ஐயா, சாமி கும்பிட்டுட்டு கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்று கேட்டார். "பூட்டியாச்சு தம்பி, சாயங்காலம் வாங்க" என்றேன். "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே கும்பிட்டுவிட்டுப் போனார்.

சமையற்கட்டில் அன்று ஒரு பாத்திரம் சோறும் அரை வாளிச் சாம்பாரும் மீதி இருந்தன. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் அவர் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். சாலையைக் கடந்து போய் அழைத்து வந்திருக்கலாம். போகவில்லை. விதியைப் போட்டவனே அதை மீறுவதா என்ற வீம்புதான், வேறென்ன? மாலையில் தேடினேன். அவர் வரவில்லை.

விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் அனிச்ச மலரை ஏன் கொண்டு வந்தார் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான். மூன்று நாடுகளில் முன்பின் அறியாதவர்களின் அன்பை வாங்கிக்கொண்டு வந்தவன். என் வாசலில் வந்து நின்ற பிள்ளையின் முகத்தை வாட விட்டுவிட்டேன். பாங்காக்கில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல்தான்: "உட்காருங்க." அந்த ஒரு சொல்லைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

என்ன செய்யலாம்?

இதை வெறும் மனக்குறையாக விட்டுவிடக் கூடாது என்று நான்கு யோசனைகளைச் செயலவையில் வைத்திருக்கிறேன். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவை உங்கள் முன் வரும்.

முதலாவது, மண்டபம் பூட்டியே இருக்கட்டும். உண்டியலின் பாதுகாப்பு முக்கியம். ஆனால் கோபுர வாசலுக்கு வெளியே கூரை போட்ட இடம் இருக்கிறது. அங்கே இரண்டு பெஞ்சும் ஒரு குடிநீர்க் குழாயும் போடுவோம். நண்பகல் வெயிலில் வருபவர் உட்கார ஓரிடம் வேண்டும்.

இரண்டாவது, சீட்டு முறை இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பந்தியிலும் பத்து இலைகள் பெயரில்லாத இலைகளாக இருக்கட்டும். கேட்காமல் வருபவருக்கு, எதிர்பாராமல் வருபவருக்கு அவை. உபயகாரர்களே, இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். உங்கள் உபயத்தில் பத்து இலை, நீங்கள் அறியாத ஒருவருக்குப் போகும். அவர் நன்றி சொல்ல உங்களைத் தேடி வரமாட்டார்.

மூன்றாவது, வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை. பூசை நேரம், அன்னதான நேரம், எந்த உடையில் வரலாம் என்பவை தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். புதியவரைத் தயங்க வைப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன ஐயங்கள்தாம். உள்ளே போகலாமா, யாரிடம் கேட்பது என்று நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

நான்காவதுதான் பெரியது, அதற்குப் பணமே வேண்டாம். வெள்ளியும் ஞாயிறும் ஒருவர் முறை வைத்து வாசலருகே இருக்கவேண்டும். அவர் வேலை ஒன்றே ஒன்று: தனியாக நிற்பவரைப் பார்த்து "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பது. தனியே வரும் பெண்களுக்குத் துணையாக நம் மாதர் பகுதியிலிருந்து ஒருவர் இருந்தால் இன்னும் நன்று. ஆண்கள் கூட்டமாகப் போய் விசாரித்தால் அவர்கள் அஞ்சிப் போவார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நமக்கு விசாரிக்கும் பழக்கம் அதிகம். எந்த ஊர், என்ன சம்பளம், கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகவில்லை, உங்க ஆளுங்க யாரு என்று வரிசையாகக் கேட்போம். அந்தக் கடைசிக் கேள்வியின் பொருள் உங்களுக்கே தெரியும். அதைக் கோயில் வாசலில் கேட்கவே கூடாது. தனியே வருபவர் எதையோ இறக்கி வைக்க வந்திருப்பார். அவர் பேசினால் கேட்போம், பேசாவிட்டால் தண்ணீர் கொடுத்துவிட்டு விலகி இருப்போம். வந்தவுடன் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவதும் வேண்டாம்.

பயணம் போகும் உங்களுக்கு

உங்களில் பலர் இனித் தனியே பயணம் போகக்கூடும். பிள்ளைகள் தூரத்தில், துணை மறைவு, இப்படிக் காரணங்கள் வரும். அஞ்சாதீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் முதல் மாலைப் பூசைக்கு அங்குள்ள கோயிலுக்குப் போய்விடுங்கள். ஊர்க்காரர்கள் கூடுவது அந்நேரந்தான். ஒரு வேட்டியோ சேலையோ பையில் இருக்கட்டும். படம் எடுக்குமுன் கேளுங்கள். சிலோம் கோயிலின் உள்ளே எடுக்கவே கூடாது. சாப்பாடு உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவைப்பது சமைப்பவருக்கு உதவி. உண்டியலில் இயன்றதைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "நான் ஏதாவது செய்யலாமா?" என்று கேளுங்கள். பூத்தொடுக்கவோ, காய் நறுக்கவோ, தட்டுத் துடைக்கவோ கை கொடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் அந்த ஊரில் தனியாள் இல்லை.

அன்பர்களே, கோபுரத் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் நீங்கள். கோபுரத்தை உயரமாகக் கட்டுவது எதற்காக? தூரத்தில் வருபவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. அதைப் பார்த்துவிட்டு நம்பி நடந்து வருபவர் பூட்டிய கதவோடு திரும்பிப் போகக்கூடாது. அந்தத் தஞ்சாவூர்த் தம்பி மீண்டும் இந்தப் பக்கம் வருவாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போல் இன்னொருவர் நிச்சயம் வருவார். அவருக்கு ஓர் இலை இருக்கவேண்டும், பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் இருக்கவேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை முறைக்கு என் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது வெள்ளிக்கு உங்களில் ஒருவர் வந்து எழுதவேண்டும். நோட்டுப் புத்தகம் அலுவலக மேசையில் இருக்கிறது.